சின்ன முள் நின்ற இடம்

1931. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கட்டுகஸ்தோட்டைப் புடவைக்கடை முதலாளி ஸெய்னுலாப்தீன், முன்பக்கம் பூட்டிய கடையின் பின்னறையில் தலை உடைந்து இறந்து கிடந்தார். பக்கத்தில், சுவரிலிருந்து விழுந்த மணிக்கூடு ஐந்தரையில் நின்றிருந்தது.

அதே ஐந்தரைக்குப் பின்கதவால் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தவன், ஹேவாஹெட்டத் தோட்டத்து லொறி டிரைவர் பொன்னையா. கையெல்லாம் இரத்தம். அவனைத் தங்கள் கையில் ஒப்படைக்கச் சொல்லி பொலிஸ் நிலைய வாசலில் சனம் கத்திக்கொண்டு நின்றது.

இன்ஸ்பெக்டர் லாபிருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"கம்பளி எடுக்க வந்தேனுங்க. பின்கதவு திறந்து கெடந்துச்சு. தூக்கிப் பாத்தேன், ஒடம்பு சில்லுனு இருந்துச்சு," என்றான் பொன்னையா, கம்பிகளுக்குள்ளிருந்து.

இறந்தவரின் தங்கை மகன் ஹாஷிம் அதை மறுக்கவில்லை. "நான்தான் அஞ்சரைக்கு வரச் சொன்னேன் சேர். வேற யாருக்கும் தெரியாது. நாலு மணியிலேந்து நான் குண்டசாலையில, கலியாண ஊட்டில ஈந்தேன்."

"அதுக்கு முந்தி?"

"ஊட்டில தூங்கினேன்."

மகள் கைரியா அழுதபடியே சொன்னாள். "மூணு மணிக்குத்தான் வாப்பா கடைக்குப் போனாங்க. கடைய என் பேருக்கு எழுதப் போறதா காலையில ஹாஷிம் மச்சான்கிட்டயும் சொன்னாங்க."

லாபிர் மணிக்கூட்டை மேசையில் வைத்தார். பெரிய முள் வளைந்து, ஆறில் தகட்டைக் குத்தி இறுகியிருந்தது. சின்ன முள் ஐந்தின் மேல். எழுந்து நடந்தார். திரும்பவும் உட்கார்ந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, ஐந்தரைக்குத் திருகிப் பக்கத்தில் வைத்தார்.

இரவு எட்டு மணிக்கு ஹாஷிமையும் கைரியாவையும் கூப்பிட்டார்.

"ஹாஷிம், ரெண்டையும் பாரு. அஞ்சரைக்குச் சின்ன முள் அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல நிக்கணும். இதுல நேரா அஞ்சுல நிக்குது. பெரிய முள் அசையாது. யாரோ சின்ன முள்ள மட்டும் கையால தள்ளியிருக்காங்க."

"விழுந்ததுல நகர்ந்திருக்கும் சேர்."

"நகர்ந்து, பொன்னையா வாற நேரத்துலயே வந்து நின்னுதா? அவன் கொன்னிருந்தா, தானே மாட்டிக்கிற நேரத்த வைப்பானா? அவன் அஞ்சரைக்கு வருவான்னு தெரிஞ்சவன் நீ ஒருத்தன். பெரிய முள் ஆறுல, அப்ப நடந்தது ஏதோ ஒரு அரை மணிக்கு. நாலரைக்கு நீ குண்டசாலையில. மூணு மணிக்கு மாமா உயிரோட. மிச்சம் மூணரைதான். அதுதான் உடம்பும் சில்லிட்டுப் போயிருந்திச்சு."

"பதினஞ்சு வருசம் அந்தக் கடையில ஒழைச்சேன்," என்றான் ஹாஷிம். "பங்கு கேட்டேன், எடுத்த எடுப்புலயே இல்லண்டுட்டார்."

பொன்னையாவின் அறையை லாபிரே திறந்தார். அவன் எழவில்லை. "வெளிய அடிப்பாங்களே ஐயா."

கைரியா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். "வழி விடுங்க," என்றாள் சனத்திடம். "என்ட வாப்பாவத் தூக்கிப் பார்த்த மனுசன் வாறார்."

சத்தம் அடங்கியது. பொன்னையா அவள் பின்னால் இறங்கிப் போனான்.