பிளக் தேடிக் குனிந்தவன்

அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபையரின் தோல் கைப்பிடியில் ஒரே நேரத்தில் இரண்டு கைகள் விழுந்தன. ஒன்று நாரேயுடையது. மற்றது... மழையில் நனைந்து, விரல் நுனியெல்லாம் காய்த்துப்போன ஓர் ஆண் கை.

"கையை எடுங்க. நான்தான் முதல்ல பார்த்தேன்."

"பார்த்தது நீங்களா இருக்கலாம். வாராவாரம் வந்து இதுல வாசிச்சுட்டுப் போறவன் நான். வேணா கடை அண்ணன்கிட்ட கேளுங்க."

"வாராவாரம் வந்தும் வாங்கல... அப்போ உங்களுக்கு வேணாம்னுதானே அர்த்தம்?"

கடைக்காரர் மா, வாயில் இருந்த அரிசிக் கேக்கை மெல்வதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "ஹான்சோல், மாட்டினடா நீ!"

நாரேக்குச் சிரிப்பு வரவில்லை. சியோலில் மழைக்காலம் தொடங்கியதிலிருந்தே அவளுக்கு எதற்கும் சிரிப்பு வருவதில்லை. இசைக்கருவிக் கடைகள் நிறைந்த அந்த நாக்வோன் கட்டடத்துக்கு அடியில் ஓடும் பேருந்துகளின் உறுமல் தரை வழியாகக் காலில் ஏறியது. எதிரே நின்றவனுக்குச் சிரிக்காமலே சிரிக்கிற கண்கள். அந்தக் கண்களைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது... கொஞ்சம் வேறு மாதிரியும் இருந்தது. அதைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

"ஏம்மா, ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்கறியே. சின்னதா இன்னும் ரெண்டு இருக்கு, கேட்டுட்டு முடிவு பண்ணு" என்றார் மா. "என்ன மாதிரி சத்தம் வேணும்?"

நாரே கைபேசியை எடுத்தாள். அதில் ஒரு பதிவு ஓடியது. யாரோ செய்தி வாசிக்கும் மெல்லிய தொலைக்காட்சிச் சத்தம்.

"இதுக்கு மேல போகக் கூடாது. ஆனா கிதார் முழுசா கேக்கணும். சத்தம் குறைஞ்சாலும் அதுக்கு உடம்பு இருக்கணும். கரகரன்னு அழுக்கே இருக்கக் கூடாது." அப்பா சொன்ன வார்த்தைகளை அப்படியே ஒப்பித்தாள். "வீட்ல அப்பாவோட பெரிய ஆம்ப் இருக்கு. சத்தமா வெச்சா அருமையா இருக்கும். குறைச்சா மூக்கடைச்சவன் பாடற மாதிரி ஆயிடுது."

மா தலையைச் சொறிந்தார். இந்தக் கடைக்கு வருகிற எல்லோரும் எவ்வளவு கூட்டலாம் என்றுதான் கேட்பார்கள். எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான்.

"இந்தச் சத்தத்துக்கு எதுக்கு ஆம்ப்? ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டா முடிஞ்சது" என்றான் ஹான்சோல்.

"அவர் காதைச் சுத்தி ஏற்கெனவே ஆக்சிஜன் குழாய் மாட்டியிருக்கு."

அவன் கை மெல்லக் கைப்பிடியை விட்டது. பிறகு சுவரில் தொங்கிய கிதார் ஒன்றை எடுத்து உட்கார்ந்தான்.

முதல் ஆம்ப்ளிஃபையர் தகர டப்பா. இரண்டாவது, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கியது. ஒவ்வொன்றையும் அவள் கைபேசிச் சத்தத்தோடு ஒப்பிட்டு, அதற்குக் கீழேயே வைத்து வாசித்தான். மூன்றாவது, இருவரும் கை வைத்த அந்த மரப் பெட்டி. பத்து அங்குல ஸ்பீக்கர்தான். அவன் எல்லாத் தந்திகளையும் சேர்த்து ஒரே ஒரு முறை விரல்களால் வருடினான்... அவ்வளவு சின்னச் சத்தத்திலும் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது. அடித்தந்தியின் அதிர்வு அவள் வயிற்றைத் தொட்டது. நாரே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதை நீங்களே எடுத்துக்குங்க" என்றான் அவன். "என் அறையில பக்கத்து ஆள் கொட்டாவி விட்டாலே எனக்குக் கேக்கும். அதனாலதான் இதுக்கு ஆசைப்பட்டேன். உங்க வேலை முடிஞ்சதும் எனக்குக் கொடுத்துடுங்க, நான் வாங்கிக்கறேன். எவ்வளவு நாளைக்கு வேணும்?"

"அப்பா இருக்கிற வரைக்கும்."

அவனுக்குக் கேட்ட நாக்கைப் பிடுங்கிப்போடலாம்போல் இருந்திருக்க வேண்டும், காதுவரை சிவந்துவிட்டான். நாரே பெட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவன் எண்ணை வாங்கி, கைபேசியில் 'ஆம்ப் திருடன்' என்று பதிந்துகொண்டாள். அவளுக்கு வாசிக்கத் தெரியுமா என்று அவன் கேட்டான். சின்ன வயதில் கற்ற ஒரு பாட்டு, அதுவும் பாதி என்றாள்.

"நான் வந்து வாசிக்கட்டுமா? பெட்டியையும் தூக்கிட்டு வரேன். சின்னதுன்னு பேரு, கை கழண்டுடும்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "சரி" என்று வந்தது.

வழியெல்லாம் அவன் குடையை ஆம்ப்ளிஃபையருக்கே பிடித்தான். ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது பெட்டி காய்ந்திருந்தது, அவன் முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. இப்படியும் ஒருத்தனா என்று நினைத்துக்கொண்டாள் நாரே. நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்... மேலே அப்பா நாளை எண்ணிக்கொண்டு கிடக்கிறார்!

இனி வைத்தியம் இல்லை என்றானவர்களுக்கான மாடி அது. எல்லாம் அங்கே மெதுவாகத்தான் நடக்கும், நர்சுகளின் செருப்புகூட. அப்பாவின் நுரையீரலில் மிச்சம் கொஞ்சம்தான். நாற்பது வருடம் நைட் கிளப்புகளில் கிதார் வாசித்த விரல்கள் இப்போது வீங்கி, போர்வைமேல் கிடந்தன. அவருடைய பழைய கிதார் மூலையில் சாய்ந்திருந்தது.

"டி.வி. சத்தத்துக்கு மேல போகாமப் பார்த்துக்குங்க" என்று மறுபடி நினைவூட்டிவிட்டு நர்ஸ் போனாள்.

ஹான்சோல் பிளக் பாயிண்ட்டைத் தேடினான். அது கட்டிலுக்கு அடியில், சுவரோரம் இருந்தது. அவன் கட்டில் முன்னால் இரண்டு முழங்கால்களையும் மடக்கி, உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி, நெற்றி தரையில் படும் அளவுக்குக் குனிந்தான்.

அப்பா கண்ணைத் திறந்தார்.

பெண் கேட்டு வருகிறவன் பெரியவர் முன்னால் எப்படி விழுந்து கும்பிடுவானோ, அச்சு அசலாக அப்படியே இருந்தது அந்தக் கோலம்.

"போதும்..." அப்பாவின் குரல் காற்றும் குரலுமாக வந்தது. "ஏத்துக்கிட்டேன். எந்திரி."

ஹான்சோல் தலையை நிமிர்த்தினான். கையில் ஒயர். ஒயரைப் பார்த்தான், கிழவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் கண்கள் கெஞ்சின. எதற்குக் கெஞ்சின என்று அவளுக்கே தெரியாது.

"நன்றிங்க ஐயா" என்றான்.

பிறகு வாசித்தான். ஜன்னலில் மழை, நடையில் சக்கர நாற்காலிச் சத்தம், நடுவில் அந்தத் தெளிந்த ஒலி... அப்பாவின் வீங்கிய இடது விரல்கள் போர்வைமேல் இல்லாத தந்திகளை அழுத்தின. முடிந்ததும் கேட்டார்.

"இவளைப் பார்த்துக்குவியா, மாப்ளே?"

"பார்த்துக்கறேன்."

நடைக்கு வந்ததும் நாரே வெடித்தாள். "யாரைக் கேட்டு ஆமான்னு சொன்னீங்க?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? அவர் முகத்தைப் பார்த்து..."

"பரிதாபம்! சாகப்போறவருக்கு ஒரு பொய்யைப் பிச்சை போட்டீங்க. அதுல நானும் ஒரு சில்லறைக் காசு. எனக்கு உங்க பிச்சை வேணாம்!"

"பிச்சை இல்லைங்க. நான்..." சிரிக்கிற அந்தக் கண்கள் அணைந்துபோயின. "சரி. இனிமே வரல. பெட்டி உங்ககிட்டயே இருக்கட்டும்."

போய்விட்டான். குடை ஜன்னலோரம் ஈரமாக நின்றது. கீழே மழையில் தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறவனை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கூப்பிட்டிருக்கலாம். ரோஷம் விடவில்லை.

அதன்பின் நாள்தோறும் அப்பா கேட்டார், மாப்பிள்ளை எங்கே என்று. கல்யாண மண்டபத்தில் கச்சேரி, வகுப்பு, காய்ச்சல் என்று அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவளே கிதாரை எடுத்து அந்தப் பாதிப் பாட்டை வாசித்தாள். பெட்டி ஈவு இரக்கம் பார்க்கவில்லை. விரல் வழுக்கியது, தந்தி உரசியது, தடுமாறியது, எல்லாவற்றையும் அப்படியே சொன்னது. பாதியில் நிறுத்தி அழுதாள்.

"அழாதே" என்றார் அப்பா. அன்று அவருக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. "குடை இங்கதானே இருக்கு... வருவான்."

"அப்பா, அவர் வந்து..." இனியும் பொய் சொல்ல முடியவில்லை. "அவர் உங்களைக் கும்பிடலப்பா. பிளக் போடக் குனிஞ்சார்."

அப்பாவின் நெஞ்சு குலுங்கியது. இருமல் என்று பதறினாள்... சிரிப்பு!

"நாப்பது வருஷம் மேடை மேடையா பிளக் பாயிண்ட் தேடினவன்டி நான். அந்த முதுகு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா...?"

"எந்திரின்னு சொன்னப்போ அவன் சிரிச்சிருக்கலாம். ஐயோ, அது இல்லைங்கன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல." மூச்சு வாங்கிக்கொண்டார். "அப்புறம் வாசிச்சான். இந்தப் பெட்டி எதையும் மறைக்காது, பார்த்தியா... அவன் விரல் நடுங்குச்சு. பரிதாபப்படறவன் கை நடுங்காதும்மா. அது வேற நடுக்கம்."

நாரே தலையைக் குனிந்துகொண்டாள்.

"நடையில நீ கத்தினியே... அதுவும் கேட்டுச்சு. டி.வி. சத்தத்துக்கு மேல இருந்துச்சு."

மறுநாள் மதியம், தொலைக்காட்சியில் யாரோ மழை விடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அப்பா அடுத்த மூச்சை எடுக்கவில்லை. அவள் அவருடைய விரல்களைப் பிடித்துக்கொண்டே காத்திருந்தாள். வரவே இல்லை.

சாவுச் செய்தி அனுப்பக் கைபேசியில் பெயர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்தவள், ஒரு பெயரில் நின்றாள். ஆம்ப் திருடன். 'அப்பா இருக்கிற வரைக்கும்' என்பதுதான் பேச்சு. செய்தி போனால், பெட்டியை எடுத்துக்கொள்ள வாருங்கள் என்றுதானே அர்த்தமாகும்? அழைத்துப் பேசும் துணிச்சல் அவளுக்கு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெயரையும் சேர்த்தாள்.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துச் சாவுக்கூடம். வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவே அப்பாவின் படம். படத்தருகே அந்த மரப் பெட்டியை வைத்திருந்தாள். கறுப்பு உடையில், தலையில் வெள்ளை நாடாவோடு, ஒற்றைப் பிள்ளையாக அவள் நின்றாள். துணைக்குச் சித்தப்பா. வந்தவர்கள் கும்பிட்டுவிட்டு, உள்ளே போய்க் காரமான மாட்டிறைச்சிச் சூப்பில் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார்கள்.

ஹான்சோல் வந்தான். குடை இல்லாமல், நனைந்து. பொருந்தாத கறுப்புக் கோட்டு, யாரிடமோ இரவல் வாங்கியது.

உயிரோடு இருக்கிறவருக்கு ஒரு கும்பிடு, போனவருக்கு இரண்டு. அங்கே குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. அவன் படத்தின் முன் மண்டியிட்டு, உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி, நெற்றி தரையில் பட ஒன்று கும்பிட்டான். எழுந்தான். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சற்று நேரம் படத்தையே பார்த்தான். பிறகு இரண்டு.

"மூணா?" சித்தப்பா முணுமுணுத்தார். "இது என்ன கோயிலா? புத்தருக்குத்தான்டா மூணு! கணக்குத் தெரியாத பயலா இருக்கான்."

"தெரியும் சித்தப்பா" என்றாள் நாரே. "அவருக்குக் கணக்குத் தெரியும்."

அடுத்து, துக்கக்காரரும் வந்தவரும் எதிரெதிரே ஒருவரை ஒருவர் கும்பிட வேண்டும். முழங்கால் வலிக்காரரான சித்தப்பா நின்றபடியே தலையை மட்டும் ஆட்டினார். நாரே மண்டியிட்டாள். எதிரே அவனும். கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் இப்படித்தான் எதிரெதிரே குனிவார்கள் என்பது, நெற்றி தரையை நெருங்கும்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. இரண்டு தலைகளுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்.

"அன்னிக்கு நான் பிளக் தேடித்தான் குனிஞ்சேன்..." என்றான் அவன், தரையைப் பார்த்தபடியே.

"அப்பாவுக்கு அது தெரியும்."

அவன் திடுக்கிட்டது அவன் விரல்களில் தெரிந்தது.

"இப்போ முதல்ல போட்டது அன்னிக்குப் போட வேண்டிய கும்பிடு. உங்களைக் கேட்டு." அவன் குரல் தொலைக்காட்சிச் சத்தத்துக்கும் கீழே இருந்தது. ஆனால் ஒரு சொல்கூட மங்கவில்லை. "பரிதாபம் இல்ல, நாரே. கடையில 'கையை எடுங்க'ன்னு சொன்னீங்களே... அப்பவே எடுக்க மனசு வரல."

அவள் கண்ணீர் தரையில் சொட்டியது. "பெட்டியை எடுத்துக்கத்தான் வருவீங்கன்னு நினைச்சேன்."

"அது வேணாம். நீங்க பதில் சொல்லுங்க, போதும்."

அவன் எழவில்லை. கும்பிட்டபடியே கிடந்தான். சூப்புக் கிண்ணங்களோடு உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், சித்தப்பா இருமினார். நாரே மெல்ல நிமிர்ந்தாள். மழையில் நனைந்த அந்த முதுகு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. படத்திலிருந்த அப்பாவை ஒருமுறை பார்த்தாள்.

"ஏத்துக்கிட்டேன்" என்றாள். "எந்திரி."