ஊதா நூல் கலங்கிய நேரம்

"அந்த மெஷின நிப்பாட்டுங்க சார்!"

பதுளையில் விஞ்ஞானக் கண்காட்சி. ஒரே நீள மேசையில் பசறைத் தோட்டப் பாடசாலை டீச்சர் ஜீவராணி ஒரு பக்கம். பூனாகலை மாஸ்டர் நிஷாந்த் மறுபக்கம். அவன் மாணவர்கள் செய்த தேயிலை சலிக்கும் மெஷின் கடகடவென்று ஆடியது. அவளுடைய கண்ணாடிக் குழாய்த் தண்ணீரில் நூல் போல நேராக ஓட வேண்டிய ஊதாச் சாயம், அந்த அதிர்வில் சிதறிக் கலங்கியது.

"சலிக்கிற மெஷின் ஆடாம என்னங்க டீச்சர் செய்யும்?"

சிரித்தான். என்ன கண்கள் அவை... வெளியே கொட்டும் மழையெல்லாம் உள்ளே மினுங்குவது போல! ஜீவராணி தன் கோபத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"லயத்து வீட்டுப் பீலிக் குழாயில தண்ணி மெதுவா விழுந்தா கண்ணாடி மாதிரி வரும், வேகமானா கலங்கிரும். அது மாறுற எடத்தத்தான் என் புள்ளைங்க காட்டணும். வேகம் கூடுறப்ப மேச லேசா ஆடுனாலே போச்சு!"

"அப்ப என் புள்ளைங்க மெஷின காட்ட வேணாமா?"

அதுவும் நியாயம்தான். ஆனாலும் இனி இவனிடம் கேட்கவே மாட்டேன்... வீம்பாகத் திரும்பிக்கொண்டாள்.

நடுவர்கள் வந்துவிட்டார்கள். மெஷின் ஆடிக்கொண்டே இருந்தது. பரிசைக் கனவு கண்ட அவளுடைய மாணவிகளின் முகம் வெளிறியது. உதட்டைக் கடித்தாள். ம்ஹூம், கேட்கமாட்டாள்!

சட்டென்று அமைதி.

நிஷாந்த் ஸ்விட்சை அணைத்திருந்தான்!

ஊதா நூல் நேராக ஓடியது. மாணவிகள் குழாயின் திருகைத் திறக்கத் திறக்கத் தண்ணீரின் வேகம் கூடியது... நூல் நெளிந்தது... சுழன்றது... குழாயெல்லாம் ஊதா! நடுவர்கள் வியந்துபோனார்கள். அடுத்து அவன் முறை. முரண்டு பிடித்த மெஷின் ஒருவழியாகக் கிளம்பியதும் முதலில் கைதட்டியது ஜீவராணிதான்.

கூட்டம் கலைந்ததும் அவன் தயங்கித் தயங்கி வந்தான்.

"இன்னொருக்கா காட்டுறீங்களா? அப்ப நான் நூல பாக்கவே இல்லங்க... உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

ஐயோ... காதெல்லாம் சூடானது. திருகை மெல்லத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டினாள். நேரான நூல். அவன் குனிந்து பக்கத்தில் வந்தான்... நூல் கலங்கியது!

"மெஷின்தான் நிக்குதே டீச்சர்... இப்ப யாரு ஆட்டுனது?"

திருகின் மேல் அவள் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. இனி எதை மறைப்பது?

"என் கைதாங்க... நீங்க கிட்ட வந்தா நடுங்குது. எனக்கு உங்கள புடிச்சிருக்கு!"

நடுக்கம் நிற்கட்டும் என்றுதான் அவன் அந்தக் கையைப் பிடித்தான்.

குழாய் முழுக்க ஊதாவானது.