இடது கால் பூட்ஸ்

ஒரே பெட்டியை இரண்டு கைகள் பிடித்திருந்தன.

சூரமங்கலத்து விளையாட்டுப் பொருள் கடையில் ஏழாம் நம்பர் டைவிங் பூட்ஸ் அந்த ஒரு ஜோடிதான் பாக்கி. வெளியே மழை... உள்ளே மதுமதியின் கண்களில் மின்னல்.

"ஏனுங்க, நான் முதல்ல எடுத்ததுங்க."

"எடுத்துக்குங்க. ஆனா போட்டுப் பாத்துருங்க. சேரலைன்னா எனக்குங்க."

நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, அவன் சிரித்தான். கண்களும் சேர்ந்து சிரித்தன. பெயர் இளஞ்செழியன், சேந்தமங்கலத்தில் கோழிப்பண்ணை. ராமேஸ்வரம் கடலில் மூழ்கிப் பார்க்க அவள் போகவிருந்த அதே குழுவில்தான் அவனும் இருக்கிறான் என்று கடைக்காரர் சொல்லித் தெரிந்தது. குதிகாலில் பட்டை வைத்த ஃபின் என்ற நீச்சல் துடுப்பை மாட்ட உள்ளே பூட்ஸ் வேண்டும், அது காலோடு கச்சிதமாக ஒட்ட வேண்டும் என்றும் அவர் சொன்னார். மதுமதி செருப்பைக் கழற்றவே இல்லை.

"கால் காட்ட இத்தனை வெக்கமுங்களா? பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்?" என்றான் அவன் விளையாட்டாக.

அவள் முகம் சட்டென்று வாடியது. பெட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டாள். என்ன தப்பாகச் சொன்னோம்... குழம்பியபடியே அவன், பாதம் முழுக்க மூடும் ஃபின்னும் மெல்லிய சாக்ஸும் வாங்கிக்கொண்டான்.

மதுமதியின் இடது கால் பிறவியிலேயே இரண்டு நம்பர் சிறியது. போன தை மாதம் பெண் பார்க்க வந்தவர்கள் அவளை நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். காபி குடித்த கையோடு எழுந்து போனார்கள். அதன்பிறகு எந்தக் கடையிலும் அவள் செருப்பைக் கழற்றியதில்லை. வலது கால் அளவுக்கு வாங்குவாள், இடதில் பஞ்சு அடைத்துக்கொள்வாள். தண்ணீருக்குள் மட்டும்தான் அவள் நடை யாருக்கும் தெரியாது. அதனால்தான் கடல் மேல் அத்தனை ஆசை...

ஞாயிற்றுக்கிழமை சேலத்து நீச்சல் குளத்தில் ஒத்திகை. ஃபின் மாட்டி ஒழுங்காக நீந்துபவர்களுக்குத்தான் கடல் என்று பயிற்சியாளர் ஜெகதீஸ்வரன் முன்பே சொல்லியிருந்தார். பாதிக் குளம் தாண்டியதும் பஞ்சு நனைந்து கூழாகியது. இடது பூட்ஸ் ஃபின்னோடு கழன்று அடியில் போய் உட்கார்ந்தது.

இளஞ்செழியன் மூழ்கி எடுத்து வந்தான். பூட்ஸுக்குள் இருந்து வெள்ளைப் பஞ்சு பிதுங்கியது. கரையேறி நின்ற மதுமதி அவன் சிரிப்புக்காகக் காத்திருந்தாள்... அவனோ பஞ்சை உள்ளங்கைக்குள் மறைத்து மூடிக்கொண்டான். அவன் முகத்தில் கடைப் பேச்சு ஞாபகம் வந்தது தெரிந்தது.

மாலைக்குள் சரியான பூட்ஸோடு நீந்திக் காட்டினால் போதும் என்று ஜெகதீஸ்வரன் சொல்லிவிட்டார்.

"எனக்கு இடது கால் சின்னதுங்க," என்றாள் அவள், தலையை நிமிர்த்தி. "இப்பச் சிரிச்சுக்குங்க."

சிமெண்ட் தரையில் அவளுடைய இடது காலின் ஈரத் தடம் காயாமல் இருந்தது. அவன் குனிந்து அதன் மேல் கையை விரித்து வைத்தான். ஒரு சாண், மேலே இரண்டு விரல். எழுந்து பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

போனவன் போனவன்தானா... பொழுது சாய்ந்தது, மழையும் பிடித்துக்கொண்டது. அவள் கிளம்ப எழுந்தபோது, சொட்டச் சொட்ட வந்து நின்றான். சட்டைக்குள் ஒரு பெட்டி. ஐந்தாம் நம்பர்.

"இதுல இடதை மட்டும் போடுங்க. வலதுக்கு உங்க பழசு இருக்குதுங்களே."

போட்டாள். தனக்கென்றே தைத்தது போல் ஒட்டியது. குளத்தின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் மீனாகப் போய் வந்தாள். ஜெகதீஸ்வரன் கட்டைவிரலை உயர்த்தினார்.

மூச்சு வாங்கக் கரையைப் பிடித்துக்கொண்டு மதுமதி நிமிர்ந்தாள். இமைகளில் நீர் முத்துகள்.

"மிச்சம் ரெண்டு பூட்ஸ் இருக்குதுங்களே... ஜோடி சேராம. அதை என்ன பண்றதுங்க?"

"ஊட்ல வச்சுக்கலாமுங்க."

"யார் ஊட்லங்க?"

அவன் காது மடல்கள் சிவந்தன. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நம்ம ஊட்லங்க. உங்களுக்குச் சம்மதம்னா..."

மதுமதி அந்த இரண்டு பூட்ஸையும் எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"அப்ப பத்திரமா வைங்க. வந்து பாப்பேன்."