3.31 வண்டி

சனிக்கிழமை, பிற்பகல் 3.40.

தேநீர் ஏன் இன்னும் மேலே வரவில்லை என்று பார்க்கப் போன ட்ரெவர் சைக்ஸ்தான் முதலில் கண்டான். முற்றத்துக்கு அந்தப் பக்கம், பட்டறை அறையில், வேலை மேசைக்கும் கெட்டிலுக்கும் நடுவே வில்ஃப் கிராப்ட்ரீ குப்புறக் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. பக்கத்தில் ஒரு பிஷ் பிளேட். நிஜத் தண்டவாளத்தை இணைக்கிற இரும்புப் பட்டை அது. பசை போட்ட பெட்டிகள் விலகாமலிருக்க மேலே பாரம் வைப்பதற்காக இந்தப் பொம்மை ரயில் கிளப்பில் கிடப்பது. மேசையில் நான்கு கோப்பைகள் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றிலும் தேநீர் இல்லை.

4.10. இன்ஸ்பெக்டர் மோரின் ஹோல்ராய்டு வந்தாள். சடலத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது மாடியில் ஏதோ கரகரவென்று ஓடும் சத்தம் கேட்டது.

"மேல யாரு?"

"யாரும் இல்ல மேடம். எல்லாரும் கீழதான் இருக்கோம்," என்றான் ட்ரெவர்.

ஏறிப் போனாள். பழைய சர்ச் கூடம். விளக்குகள் பாதி அணைந்திருந்தன. கூடம் முழுக்க ஆல்டர்க்ளஃப் சந்திப்பு, 1975-ல் இருந்தபடி, பனி படிந்த மலையும் கரிப்புகை ஏறிய வீடுகளுமாக மேசைகள்மேல் பரந்து கிடந்தது. சுரங்க வாயிலிலிருந்து சாண் நீளத்துக்கு ஒரு நீல டீசல் எஞ்சின், ஆறு பெட்டிகளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. ஒருவரும் தொடவில்லை. வளைவில் திரும்பி, கறுப்புத் திரைக்குப் பின்னால் போய் மறைந்தது. சற்று நேரத்தில் மறுபடி வந்தது. ஓட்டினவர் கீழே செத்துக் கிடக்க, வண்டி பாட்டுக்கு நேரம் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

பின்னாலேயே வந்த கீத் ரஷ்வொர்த் பாய்ந்து போய் மின்சாரத்தை நிறுத்தினார். அறுபத்துமூன்று வயது, பழைய ரயில்வே கார்டு.

"மன்னிக்கணும் மேடம். ட்ரெவர் கத்தினதும் கம்ப்யூட்டரைத் தானா ஓடற மாதிரி தட்டி விட்டுட்டு ஓடி வந்துட்டேன். வண்டிய நடுவழியில நிறுத்த நமக்குக் கை வராது."

"அதுவரைக்கும்?"

"என் கையாலதான் ஓட்டினேன். திரைக்குப் பின்னாடி இருந்து. சந்தேகம்னா படத்தைப் பாருங்க. கிளப்புக்காக கேமரா ஓடிட்டே இருந்தது. ஒரு வண்டியாவது லேட்டான்னு பாத்துக்குங்க."

மோரின் பார்த்தாள். எதுவும் தாமதமில்லை.

கிளப்பின் ஏற்பாடு இதுதான். அன்று வந்தவர்கள் நாலே பேர். வில்ஃப் மூன்று இருபதுவரை ஓட்டுவார். பிறகு தேநீர் போடக் கீழே போவார். அதற்கப்புறம் ஓட்டுவது கீத்தின் வேலை. செட்ரிக் பூத்தும் ட்ரெவரும் ஆளுக்கொரு பலகைக் கூண்டில் சிக்னல் பார்ப்பார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நிஜ ரயில்வேயில் மாதிரி மணி அடித்துத்தான் பேச்சு. அடித்த மணி ஒவ்வொன்றையும் இருவரும் அவரவர் பதிவேட்டில் நேரம் போட்டு எழுத வேண்டும். அறுபது தாண்டியவர்கள் பொம்மை ரயிலுக்கு இத்தனை சட்டம் வைத்திருப்பதைப் பார்த்து கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்தது. மோரினுக்கு வரவில்லை. அவள் அப்பா தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேன். இடதுகை விரல் இரண்டைத் தண்டவாளத்துக்குக் கொடுத்தவர்.

மாலை 6.00. சூப்பிரண்டெண்ட் போனில் வந்தார்.

"செட்ரிக் பூத்தைப் பிடிச்சு உள்ள போடு. நாளைக்கு மதியத்துக்குள்ள வழக்குப் போட்டாகணும்."

காரணம் இருந்தது. 1975 ஜனவரி, பனிப்புயல். செட்ரிக் அப்போது நிஜ ஆல்டர்க்ளஃப் கூண்டில் சிக்னல்மேன். வில்ஃப் டிரைவராகவும் கீத் கார்டாகவும் வந்த சரக்கு வண்டி அவர் கூண்டைக் கடந்தது. கடைசிப் பெட்டியில் வால் விளக்கு இல்லை என்றார் செட்ரிக். விளக்கு இல்லையென்றால் பாதி வண்டி அறுந்து சுரங்கத்துக்குள் நிற்கிறது என்று அர்த்தம். மணி அடித்து வண்டியை அடுத்த கூண்டில் நிறுத்தச் சொல்லிவிட்டு, சுரங்க வாயிலில் வேலை செய்த கேங்மேன்களிடம் உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லிக் கத்தினார். முதலில் ஓடியவன் அவர் மச்சான் ஃபிராங்க். இருபத்துநாலு வயது. எதிர்ப்பாதை வண்டி ஏற்கெனவே சுரங்கத்துக்குள் நுழைந்திருந்தது.

அடுத்த கூண்டில் வண்டியைச் சோதித்தபோது விளக்கு இருந்தது, எரிந்துகொண்டிருந்தது. முதலிலிருந்தே இருந்தது என்று டிரைவரும் கார்டும் சத்தியம் செய்தார்கள். சரியாகப் பார்க்காமல் பதறி ஓர் உயிரைக் கொன்றவர் என்று செட்ரிக்கை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவர் மனைவி எட்னா, ஃபிராங்க்கின் அக்கா. அதற்கப்புறம் அவரோடு ஒரே வீட்டில்தான் இருந்தாள், அவ்வளவுதான்.

இன்று காலை வில்ஃப் எட்னாவுக்குப் போன் செய்திருந்தார். "ஞாயித்துக்கிழமை வரேன்மா. ஃபிராங்க் விஷயமா ஒண்ணு சொல்லணும்."

"வில்ஃப் பொய் சத்தியம் பண்ணினது பூத்துக்குத் தெரிஞ்சு போச்சு. முப்பத்தாறு வருஷத்து ஆத்திரம். இரும்புல அவன் கைரேகை வேற," என்றார் சூப்பிரண்டெண்ட்.

"எல்லாரோட ரேகையும் இருக்கு சார். பதிவேடுப்படி அவர் மூணு நாலு நிமிஷத்துக்கு ஒருதரம் மணி அடிச்சிருக்காரு. பட்டறைக்குப் போய் வர ஆறு நிமிஷமாவது வேணும்."

"பேனா அவன் கையில. அப்புறமா உக்காந்து எழுதியிருப்பான்."

ஞாயிறு, காலை 7.00. இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, படத்தையும் ஓட விட்டு மோரின் உட்கார்ந்திருந்தாள். 3.21, 3.24, 3.28. செட்ரிக் எழுதியது அப்படியே ட்ரெவரிடமும் இருந்தது. 3.31-க்கு வந்த வண்டிக்கு எதிரே இருவரிடமும் 9 என்று ஓர் எண். வேறெங்கும் இல்லாத எண். படத்தை அந்த இடத்துக்கு ஓட்டினாள். ஒரு தடவை. இரண்டு தடவை. மூன்றாம் தடவை எஞ்சினைப் பார்ப்பதை விட்டுவிட்டு வாலைப் பார்த்தாள்.

7.40. லாக்கப்.

செட்ரிக் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை.

"இந்த ஒன்பது என்னங்க?"

"ஒன்பது மணி அடிச்சேன். வால் விளக்கு இல்லாம வண்டி போச்சுன்னா ஒன்பது அடிக்கணும்."

"இதை ஏன் நேத்தே சொல்லல?"

கிழவர் அவளைப் பார்த்தார். "முப்பத்தாறு வருஷம் முன்னாடி சொன்னேனே. கேட்டாங்களா?"

11.00. கூடம்.

கீத், ட்ரெவர், கான்ஸ்டபிள் பக்கத்தில் செட்ரிக். மோரின் படத்தை 3.31-ல் நிறுத்தி வைத்திருந்தாள்.

"மிஸ்டர் சைக்ஸ், ஒன்பது மணி வந்ததும் என்ன பண்ணினீங்க?"

"எழுதிட்டு, சட்டப்படி வண்டிய ஒரு நொடி நிறுத்திட்டு விட்டேன். அதுக்கு மேல பெருசா எடுத்துக்கல மேடம். கீத் அப்பப்ப விளக்கைப் பிடுங்கி வச்சுட்டு வண்டிய விடுவாரு. செட்ரிக்கைச் சீண்டறதுக்கு," என்றான் ட்ரெவர்.

"ஆமா, சீண்டினேன்," என்றார் கீத். "கிழவன் ஒன்பது அடிக்கறதக் கேட்டா எனக்கு ஒரு சிரிப்பு. அதுக்கு தூக்குல போடுவீங்களா?"

"பிடுங்கி வச்சீங்களா?"

"பிடுங்கித்தான் வச்சேன்."

"அப்ப இது என்ன?"

திரையில் எஞ்சினுக்கும் முதல் பெட்டிக்கும் இடையே, இடுக்கில், கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி.

"எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், தப்புன்னா திருத்துங்க. இந்த வண்டி 3.22-க்கு உங்க திரைக்குப் பின்னாடி வந்தது. விளக்கு வாலில் இருந்தது, படத்துல தெரியுது. உள்ள வந்ததும் வால் பக்கம் காத்திருக்கற எஞ்சின் தானா மாட்டிக்கும். வந்த எஞ்சின் கழண்டுக்கும். அதே வண்டி தலைகீழா 3.31-க்கு வெளிய கிளம்பும். வால் இப்ப தலை. அப்ப விளக்கைக் கழட்டி அந்தக் கோடிக்கு மாத்தணும். இடுக்கியால, கையாலதான் மாத்தணும். கம்ப்யூட்டருக்குக் கை கிடையாது."

மோரின் படத்தில் அந்தப் புள்ளியைத் தொட்டுக் காட்டினாள்.

"நேத்து மத்தியானம் பதினாலு வண்டி இப்படித் திரும்பியிருக்கு. பதினாலுலயும் விளக்கு சரியா மாறியிருக்கு. பதினஞ்சாவதுல அது வந்த இடத்திலேயே இருக்கு. நீங்க பிடுங்கல மிஸ்டர் ரஷ்வொர்த். தொடவே இல்ல. தொட அங்க ஆள் இல்ல. பின் படிக்கட்டுக் கதவு உங்க திரைக்குப் பக்கத்துலதான் இருக்கு."

"மறந்திருப்பேன்."

"கம்ப்யூட்டர் மறக்கல. ஆள் வச்சுப் பார்த்தாச்சு. ட்ரெவர் கத்தினப்புறம், 3.41-க்குத்தான் தானா ஓட விட்டேன்னு சொன்னீங்க. 3.20-க்கே விட்டிருக்கீங்க. வில்ஃப் கெட்டில் வைக்க இறங்கின நிமிஷம்."

கீத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொலையைவிட அந்தச் சிவப்புப் புள்ளிதான் அவரைச் சுட்டது போலிருந்தது. கார்டாக இருந்தவர், வால் விளக்கைப் போடாமல் வண்டியை விட்டதை நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டி முப்பத்தஞ்சு," என்றார் கடைசியில். "முழங்கால் அளவு பனி. அந்தக் கோடிவரைக்கும் நடந்து போய் விளக்கு மாட்டிட்டு எஞ்சினுக்குத் திரும்பி வரணும். நீ நடப்பியாடா செட்ரிக்? எஞ்சினோட பின்கேபின்ல கதகதன்னு இருந்தது, அங்கயே உக்காந்துட்டேன். அடுத்த கூண்டுல நிறுத்தினதும் ஓடிப் போய் மாட்டிட்டேன். வில்ஃப் ஜன்னல் வழியா பாத்தான். பாத்துட்டு எனக்காகச் சத்தியம் பண்ணினான். இப்ப டாக்டர் நாள் குறிச்சுட்டானாம், மனசு உறுத்துதாம், எட்னாகிட்டச் சொல்லணுமாம். இத்தனை வருஷம் இருந்த மாதிரியே இருக்கட்டும்னு கெஞ்சினேன். முடியாதுன்னுட்டான்."

செட்ரிக் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. இரண்டடி முன்னால் வந்து, ஒரு பொருளைப் பார்ப்பது போல கீத்தின் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

"அப்ப விளக்கு இல்ல," என்றார்.

"இல்லடா. இல்ல."

கீத்தை விலங்கு மாட்டிக் கூட்டிப் போனார்கள்.

12.30. மோரின் தன் காரிலேயே செட்ரிக்கை அவர் வீட்டு வாசலில் கொண்டு விட்டாள். கரி படிந்த கல்வீடுகளின் வரிசை. அவர் கதவைத் திறந்தார், இறங்கவில்லை.

"உள்ள வந்து நீங்களே சொல்லிடுங்கம்மா."

"நீங்க சொன்னாத்தாங்க முறை."

"விளக்கு இல்லன்னு நான் சொல்லி அவ ஆயிரம் தடவை கேட்டாச்சு. ஒரு தடவையாவது போலீஸ் வாயால கேக்கட்டும்."

மோரின் எஞ்சினை அணைத்தாள். ஜன்னல் திரை ஓரமாக விலகியது. எட்னா கதவைத் திறந்தாள். புருஷனைத் தாண்டி இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

"இவர் இன்னும் என்ன பண்ணினாரு?"

"ஒண்ணும் பண்ணலம்மா," என்றாள் மோரின். "அன்னிக்கும் பண்ணல. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

எட்னா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, அவரை நேராகப் பார்க்காமல், வழிவிட்டு ஒதுங்கினாள்.

"குளிர் உள்ள வருது, செட்ரிக்," என்றாள். "வா."