கண்ணைத் தொட்டுப் பார்

குமிழிகள் பானையின் அடியிலிருந்து வரவில்லை. வெண்டலுக்கு முதலில் உறுத்தியது அதுதான். கராஜின் நடுவில், காஸ் அடுப்பின் மேல், வான்கோழி பொரிக்கும் பெரிய அலுமினியப் பானையில், சலவைச் சோடா கலந்த கலங்கல் தண்ணீருக்குள் தோலுரித்த மான்தலை அமிழ்ந்திருந்தது; அலுமினியத் தாள் சுற்றிய கொம்புகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை. ஆனால் மூக்குத் துளைகளிலிருந்து குமிழிகள் ஒரு கொத்தாகக் கிளம்பி, மேலே வந்து உடைந்து, நின்று, கொஞ்சம் பொறுத்து மறுபடி கிளம்பின.

"காஸ் தீரப்போவுது போல," என்று முனகியபடி சிலிண்டரை ஆட்டிப் பார்த்தான். முக்கால்வாசி இருந்தது. அவனுக்கு எரிச்சல் வந்தது. இரண்டு நாளாக அவனுக்கு வருவதெல்லாம் எரிச்சல்தான். தண்ணீரை மூன்று தடவை மாற்றியாயிற்று. ஒவ்வொரு தடவையும் எலும்பு தெரியுமட்டும் சுரண்டி வைப்பான், திரும்பி வந்து பார்த்தால் எங்காவது ஒரு சவ்வு ஒட்டிக்கொண்டிருக்கும். தீயைக் கூட்டவும் வழியில்லை. கொதி ஏறினால் மூக்கெலும்பு கழன்று கையோடு வந்துவிடும். அப்புறம் பசை போட்டு ஒட்டிய தலையைச் சுவரில் மாட்டி ஊர் சிரிக்க வேண்டியதுதான்.

வீட்டுக்குள்ளிருந்து வரும் கதவைத் திறந்து மனைவி டோரீன் எட்டிப் பார்த்தாள். கோட்டு போட்டிருந்தாள், கையில் மூடி போட்ட கண்ணாடித் தட்டு.

"இன்னுமா முடியல? என் தலைமுடி வரைக்கும் நாறுது வெண்டல். அது தேங்க்ஸ்கிவிங் விருந்துப் பானை, ஞாபகம் இருக்கா?"

"கழுவித் தரேன்னு சொன்னேன்ல."

"அதுல உன்னை அடிச்சுக்க ஆளில்லன்னு எங்கப்பாவே சொல்வாரே!" சிரித்துக்கொண்டே போனாள். சர்ச்சில் மீன் விருந்து, திரும்ப நேரமாகும். கார் பனியை நெரித்துக்கொண்டு போகும் சத்தம் தேய்ந்து அடங்கியது. மாலைதான், ஆனால் இந்த வடக்கில் நவம்பர் முடியும்போது மாலைக்கும் இரவுக்கும் வித்தியாசம் கிடையாது.

அவள் சொன்னது பொய்யும் இல்லை. கல்யாணமான நாள் முதல் மாமனார் ஆர்வில்லின் வேட்டைக் குடிலில் வெண்டலுக்கு ஒரே வேலைதான், பாத்திரம் கழுவுவது. தான் சுட்ட மானின் தலையைச் சுவரில் மாட்டியவன் உட்கார்ந்து சாப்பிடுவான், மாட்டாதவன் கழுவுவான், அது அந்தக் குடிலின் சட்டம். பதினாறு வயதில் மச்சான் மாட்டிவிட்டான். மச்சானின் மகளும் மாட்டிவிட்டாள். வெண்டல் மட்டும் தொட்டியடியில் நின்று சோப்பு நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேட்டைக் காலம் முடிந்துவிட்டது; நாளைக் காலை குடிலைப் பூட்டுமுன் எல்லாரும் கூடுவார்கள். அதற்குள் இந்தத் தலை வெள்ளை வெளேரென்று பலகையில் ஏறியாக வேண்டும். எலும்பை வெளுக்க, முடி வெளுக்கும் பசையைக்கூட அழகுநிலையத்துக்குச் சாமான் விற்கும் கடையில் வாங்கி வைத்திருந்தான்.

போன் அடித்தது. ஆர்வில்.

"என்ன மாப்ளே, சூப்பு ரெடியா?"

"ராத்திரிக்குள்ள முடிஞ்சிடும் மாமா."

"ஆணியெல்லாம் அடிச்சு வெச்சாச்சு. இனிமே யாரு பாத்திரம் கழுவுறதுன்னுதான் இங்க பெரிய சண்டை." கிழவர் இருமிச் சிரித்தார். "ஆமா, கேக்கணும்னு இருந்தேன். கண்ணைத் தொட்டுப் பாத்தல்ல?"

"பாத்தேன் மாமா."

"பின்னாலேர்ந்து போயி?"

"பின்னாலேர்ந்துதான் மாமா. நான் என்ன சின்னப் பையனா?"

போனை வைத்தான். நடக்கப் பழகிய குழந்தைக்கும் இங்கே தெரியும் அது. விழுந்த மானை முன்னால் போய் நெருங்காதே. பின்பக்கமாக மெல்லப் போ. ஒரு குச்சியால் கண்ணைத் தொடு. செத்த மானின் கண் திறந்தே இருக்கும், தொட்டால் இமைக்காது. மூடியிருந்தால் அது சாகவில்லை.

மூடியிருந்தது.

ஓடைக்கரையில், வேட்டைக் காலத்தின் கடைசி நாளின் கடைசி வெளிச்சத்தில், அவன் சுட்ட மான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் மச்சானின் வண்டிச் சத்தம் கேட்டது. அவன் வந்து இன்னொரு குண்டு போட்டால் போச்சு, "நான்தான் முடிச்சேன்" என்று ஆயுசுக்கும் சொல்வான். வயிற்றைக் கிழித்துக் கையை உள்ளே விட்டவனுக்குத்தான் மான். வெண்டல் குச்சி தேடவில்லை. கத்தியைத் தேடினான். கத்தி உள்ளே போனபோது அந்த உடம்பு இழுத்துப் பிடித்த மாதிரி இறுகியது. அசையவில்லை. சத்தம் போடவில்லை. அடங்கிப்போக வெகுநேரம் ஆனது.

"நரம்பு," என்று இப்போது உரக்கச் சொன்னான். "செத்தாலும் நரம்பு துடிக்கும்."

பானையில் குமிழிகள் நின்றிருந்தன.

அடுப்பை அணைத்தான். கையுறையோடு கொம்புகளைப் பிடித்துத் தலையைத் தூக்கினான். சோடாத் தண்ணீர் தரையெல்லாம் சிந்தி, கொழுப்போடு பரவியது. மேசையில் வைத்து ஸ்க்ரூடிரைவரால் தாடை ஓரத்தைச் சுரண்டத் தொடங்கினான். வெந்த இறைச்சியின் வாடை வர வேண்டும். வரவில்லை. ஈர ரோமமும், மென்ற ஓக் கொட்டையும், வாய் திறந்து மூச்சு விடுகிற மிருகத்தின் வெதுவெதுப்புமாக ஒரு வாடை வந்தது. அலுமினியத் தாள் ஓரிடத்தில் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் கொம்பு வழவழப்பாக இல்லை. கோடையில் வளரும் கொம்பில் இருக்குமே, அந்த மெல்லிய பூமயிர். கையுறையைக் கழற்றி விரலை வைத்தான். சூடாக இருந்தது. பானையின் ஆவி பட்ட சூடு, அவ்வளவுதான். ஆனால் அது விரலுக்கடியில் துடித்துத் துடித்து அடங்கியது.

அழுகை வரும்போல் இருந்தது அவனுக்கு. பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். ஒரு தலை, ஒரே ஒரு தலை, மற்றவனுக்கெல்லாம் ஒழுங்காக வரும் ஒரு காரியம்!

தலையைத் தன் பக்கம் திருப்பினான்.

கண்களை அவன் நேற்றே தோண்டி எடுத்து வாளியில் போட்டிருந்தான். வலப்பக்கம் குழி காலியாக இருந்தது. இடப்பக்கம் இமை இருந்தது. சாம்பல் நிறத்தில், ஈரமாக, மயிரோடு, முழு இமை. மூடியிருந்தது. அதன் அடியில் ஏதோ உருண்டையாகப் புடைத்திருந்தது.

பசை பூச வைத்திருந்த பிரஷ்ஷைத் தலைகீழாகப் பிடித்தான். அன்றைக்குச் செய்யாததை இப்போது செய்தான். பிரஷ்ஷின் காம்பால் மெல்ல இமையைத் தொட்டான்.

இமை இன்னும் இறுக மூடிக்கொண்டது.

பின்வாங்கினான். கொழுப்புத் தண்ணீரில் கால் வழுக்கியது. கை பானையைத் தட்டியது. முதுகு தரையில் மோதியது, இடுப்புக்குக் கீழே எதுவோ முறிந்தது. சோடாத் தண்ணீர் முகத்தில் அடித்தது. கூப்பிட வாய் திறந்தான். காற்றுதான் வந்தது. கால் அசையவில்லை.

மேலே மேசையில் கொம்பு உராய்ந்தது. கர்ரக்.

பிறகு சத்தம் இல்லை.

பிறகு சிமென்ட் தரையில் குளம்பு. ஒன்று. நின்றது. இன்னொன்று. அவசரமே இல்லை. கால் பக்கமாக வரவில்லை, பக்கவாட்டிலும் வரவில்லை. அவன் தலைக்குப் பின்னாலிருந்து வந்தது.

பயத்தில் கண்களை இறுக மூடிக்கொண்டான். மூச்சை அடக்கினான். செத்தவன்போல் கிடந்தான்.

அப்போதுதான் உறைத்தது.

மூடியிருந்தால் சாகவில்லை.

திறந்தான். சோடா தீயாக எரிந்தது. மேலே விளக்குக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு முகம் குனிந்தது. பாதி எலும்பு. பாதி ஈர ரோமம். ஒற்றைக் கண், கறுப்பாக, அகலத் திறந்து. வெதுவெதுப்பான மூச்சு நெற்றியில் பட்டது. ஓக் கொட்டை வாடை.

தலை மெல்லச் சாய்ந்தது. கொம்பின் ஒரு முனை, கிழிந்த தாள் தொங்க, கீழே இறங்கியது. நிதானமாக. கற்றுக்கொடுத்த மாதிரி. அவனுடைய இடக்கண்ணுக்கு நேராக வந்து நின்றது.

இமைக்கக் கூடாது.

கண் எரிந்தது. கண்ணீர் முட்டியது. இமைக்கக் கூடாது. இமைக்கக் கூடாது.

கொம்பின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு, கனத்து, விழுந்தது.