நின்ற வண்டியின் திரையில்

வண்டியை நிறுத்திய பிறகும் திரையில் வளைவு விழுந்துகொண்டே இருந்தது.

மார்லேன் கைப்பிடியை விட்டாள். மண்ணுக்குள் அலையை அனுப்பி, திரும்பி வருவதைத் திரையில் கோடாக வரையும் ரேடார் பொருத்திய தள்ளுவண்டி அது. புதைந்து கிடக்கும் பொருளின் மேல் வண்டி நகர்ந்து போனால், கவிழ்த்த கிண்ணம் போல ஒரு வளைவு விழும். வண்டி நின்றுவிட்டால் வெறும் நேர்க்கோடுதான். நின்ற வண்டிக்கு வளைவு விழுகிறது என்றால் கீழே இருப்பது நகர்கிறது என்று அர்த்தம்.

சீ, என்ன நினைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தகரக் கூரையில் நவம்பர் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது; வெளியே சர்க்கரை ஆலைக்குப் பீட் கிழங்கு ஏற்றிய லாரிகள் சேற்றை வாரியடித்தபடி உறுமிப் போக, ஒவ்வொரு லாரிக்கும் கொட்டகையின் ஒற்றை விளக்கு ஆடி, தரையோடு தரையாக இருந்த மணல் தொட்டியின் மேல் அவள் நிழலை நீட்டியும் சுருக்கியும் காட்டியது. தொட்டிக்கு நான்கு பக்கமும் கான்கிரீட், அடியிலும் கான்கிரீட். மணலைச் சலித்துக் கொட்டியதே அவள்தான். சோதனைக்காக அவள் புதைத்தது ஒரு மண்குடம், ஒரு பிளாஸ்டிக் குழாய், வெடிமருந்து நீக்கிய பழைய குண்டு. வேறெதற்கும் அங்கே வேலையில்லை.

"இன்னும் அந்தப் பேயத்தான் கட்டிக்கிட்டு அழுவுறியா?"

திட்டத்தின் தலைவர் யோரிஸ். நனைந்த கோட்டை உதறினார்.

"வண்டி நிக்குது யோரிஸ். திரையப் பாருங்க."

"பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு. ராணுவத்துக்காரங்க வந்துக்கிட்டிருக்காங்க. இல்லாத சாமானக் காட்டுற மெஷின அவங்க தலையில கட்டச் சொல்றியா? இதுக்கு இன்னியோட முழுக்கு. நீயும் கிளம்பு."

உழும்போது பழைய போர்க்குண்டு வெடித்துச் செத்தவர் அவள் அப்பா. இரும்பில்லாததையும் மண்ணுக்குள் பார்க்கும் கருவி ஒன்று வேண்டும் என்பதைத் தவிர அன்றிலிருந்து அவளுக்கு வேறு வாழ்க்கையே இல்லை. அதை இந்த மனிதர் ஒரு வாயசைப்பில் குப்பையில் போடுகிறார்.

"மெஷின் பொய் சொல்லாது," என்றாள்.

"அப்படியா? இரு, தோண்டியே காட்டுறேன்."

மண்வெட்டியோடு தொட்டிக்குள் இறங்கி, வண்டிக்கு முன்னாலேயே தோண்டத் தொடங்கினார். கான்கிரீட் விளிம்பில் நின்றபடி மார்லேன் திரையைப் பார்த்தாள். சரக். சரக். ஈர மணலின் வாடையோடு வேறொரு வாடையும் வந்தது, அப்பாவின் வயலில் அன்று வீசிய வாடை. வளைவு ஒரு கணம் அசையாமல் இருந்தது. பிறகு மேலே, மணலின் மட்டத்தை நோக்கி வரத் தொடங்கியது.

"ஒண்ணையும் காணோமே தாயே!" யோரிஸ் சிரித்தார். "உன் பேய் லீவுல போயிருச்சா?"

கத்தலாம். வாயைத் திறந்தாள். பார்க்கட்டும், ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கட்டும் என்று தோன்றியது.

வாயை மூடிக்கொண்டாள்.

சரக். சரக்.

சத்தம் நின்றது.

நிமிர்ந்தாள். மண்வெட்டி மணலில் குத்திட்டு நின்றது. யோரிஸ் இல்லை. அவர் தோண்டிய குழியும் இல்லை. காலையில் பலகையால் அவள் சமப்படுத்திய மாதிரியே மணல் கிடந்தது.

"யோரிஸ்?"

மழைச் சத்தம் மட்டும். திரையில் இப்போது இரண்டு வளைவுகள். ஒன்று ஆள் நீளம். அது துடித்தது. மேலும் கீழும் துடித்தது. அப்புறம் மெதுவாக. அப்புறம் நேர்க்கோடு.

ஐயோ. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

வண்டியைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு பின்வாங்கினாள். மணலை விட்டு. கான்கிரீட் தரைக்கு. சுவரில் முதுகு இடித்தது.

வெளியே கார் கதவுகள் சாத்தும் சத்தம். ராணுவத்துக்காரர்களின் சிரிப்பு. உள்ளே வராதீர்கள் என்று கத்த நினைத்தாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்க முடியவில்லை.

திரையில் நேர்க்கோடு.

நேர்க்கோடு.

பூட்ஸின் அடியில் கான்கிரீட் வெதுவெதுப்பானது. கீழே, நேர்க்கோட்டின் நடுவில், ஒரு வளைவு மெல்லத் தலை தூக்கியது.

வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது.