மடியில் வைத்த கை

நேற்று மடியில் வரைந்துவிட்டுப் போன கை, இன்று படத்தில் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஓவிய வகுப்பு மாஸ்டர் அவளுக்குக் கொடுத்த முதல் பாடம், ஒரு நவீன ஓவியத்தைப் பார்த்து அப்படியே வரைவது. நீலச் சுவர், மரநாற்காலி, மடியில் கைகோத்து உட்கார்ந்த பெண். முகத்தில் கண், மூக்கு, வாய் எதுவுமில்லை, வெறும் மஞ்சள். அச்சுப் படத்தைப் பார்த்துத் தோள்பட்டை பிடிபடாததால், மகளையே அதே மாதிரி உட்காரவைத்து வரைந்தாள். வாய் ஓயாத பெண்ணை அசையாமல் வைத்திருப்பது பெரும்பாடாக இருந்தது.

"அம்மா, கை மரத்துப் போச்சு. எந்திரிக்கட்டுமா?"

"இன்னும் கொஞ்ச நேரம்டா தங்கம்."

படத்தில் கை இடம் மாறியிருந்ததைப் பார்த்து, வரைந்த தன் கைதான் தவறியிருக்கிறது என்று நினைத்து, ஈர வண்ணத்தைக் கத்தியால் சுரண்டி, கையை மறுபடி மடியில் வைத்தாள். மறுநாள் இரண்டு கைகளும் விளிம்பில் இருந்தன. முழங்கால் முன்னால் வந்திருந்தது. மீண்டும் சுரண்டினாள். அதற்கடுத்த நாள், மஞ்சள் முகத்தில் வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிவப்பு கசிந்தது. வண்ணம் கரைக்கும் டர்பன்டைனில் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தாள். அந்த நெடி வீடு முழுக்க நின்றது.

அன்று இரவு சாப்பிடும்போது மகள் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. தொண்டை கட்டியிருக்கும் என்று அம்மா வெந்நீர் கொடுத்தாள். நாளுக்கு நாள் பெண் வெளிறிக்கொண்டே வந்தாள். பரீட்சை பயம்தான் என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கூப்பிடாமலேயே மகள் போய் அந்த நாற்காலியில் உட்கார ஆரம்பித்தாள்.

படம் காய்ந்து, வார்னிஷும் பூசி முடித்த மாலையில், போட்டோ எடுத்து மாஸ்டருக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"அச்சு அசலா வந்திருக்குங்க! மடியில கை எவ்வளவு அடக்கமா உக்காந்திருக்கு பாருங்க."

போனை வைத்தாள். படத்திலிருந்து எழுந்திருக்கப் பார்த்தது யார் என்று அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் தன் பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்தது தன் கைதான்.

கத்தியை எடுத்தாள். சுரண்டினாள். வார்னிஷில் வழுக்கியது. அழுத்தினாள். முனை ஒடிந்தது.

"பாப்பா..."

திரும்பினாள். நாற்காலியில் மகள். பள்ளிச் சீருடை. மடியில் கோத்த கைகள். நெற்றியிலிருந்து தாடைவரை ஒரே மஞ்சள். வாய் இருந்த இடத்தில் மட்டும், துணியால் துடைத்த தடம்.